மஞ்சள் சட்டைக்காரர்கள் இரண்டாம் வருடமும் வென்றார்கள்

1

ஒரு நாளைக்கு ஆறு தடவை அந்தப் பலகையைக் கடக்கிறேன். போகும்போது மூன்று, வரும்போது மூன்று. நான் ஓட்டுகிற பஸ்ஸின் வழி அப்படி. டொரொண்டோவிலிருந்து ஒன்றரை மணித்தியாலம் தள்ளி இருக்கிற இந்தச் சின்ன ஊரில் மொத்தமே நாலு பஸ் வழிகள்தான். அதில் எனக்கென்று வாய்த்தது விளையாட்டு மைதானத்தைச் சுற்றிக்கொண்டு போகிற வழி. வேறு வழிக்கு மாற்றிக் கொடுங்கள் என்று டிப்போவில் எழுதிக் கொடுத்துப் பார்த்தேன். அந்தப் பத்திரத்தில் காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது. அதில் என்ன எழுதுவது? வயிற்றெரிச்சல் என்றா? ‘தனிப்பட்ட காரணம்’ என்று எழுதினேன். காரணம் போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பலகை மஞ்சள் நிறம். ஒரு கதவளவு இருக்கும். சம்பியன்கள் இங்கேதான் விளையாடுகிறார்கள் என்று ஆங்கிலத்தில் எழுதி, கீழே போன வருடத்தைப் போட்டிருந்தார்கள். போன கிழமை அதற்குப் பக்கத்தில் இந்த வருடத்தையும் போட்டுவிட்டார்கள். பெயின்ட் காய்வதற்கு முன்னமே பார்த்த ஆள் நான்.

பதினைந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளின் பேஸ்போல் அணி அது. ஐம்பத்து மூன்று வயது மனுஷன், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவன், சின்னப் பிள்ளைகள் ஜெயித்ததற்காகப் பல்லைக் கடிக்கிறான் என்றால் வெட்கக்கேடுதான். தெரியும். தெரிந்துதான் கடிக்கிறேன். மைதானத்து நிறுத்தத்தில் ஏறுகிற ஒரு வயதான வெள்ளைக்காரம்மா, சீட்டில் உட்காருவதற்கு முன்பே அந்தப் பிள்ளைகளைப் புகழ ஆரம்பித்துவிடுவார். ரெண்டாம் வருடமும், பார்த்தீர்களா, ரெண்டாம் வருடமும் என்பார். நான் கண்ணாடியைப் பார்த்துத் தலையாட்டுவேன். அன்றைக்கு பிரேக் கொஞ்சம் பலமாகத்தான் விழும்.

என் மனைவி ரீட்டா முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். வீட்டுக்கு வந்து நான் புலம்பினால் அவளுக்கு ஒரே பதில்தான். “நீங்க அந்தப் பலகையத் திட்டுறத விட்டுட்டு ரோட்டப் பாத்து பஸ்ஸ ஓட்டுங்க.”

முதல் வருடம் அவர்கள் வென்றபோது எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது. அது அவர்களின் திறமையில்லை, எங்களுடைய பிழை என்று சொல்லிக்கொள்ளலாம். இந்த வருடம் அதுவும் போய்விட்டது. யாருடைய உதவியும் இல்லாமல் வென்றிருக்கிறார்கள். அந்தக் கடைசி ஆட்டத்தை நான் மைதானத்துக்கு வெளியே காருக்குள் இருந்தபடியே பார்த்தேன். நன்றாகத்தான் ஆடினார்கள். இதை எழுதுகிற இந்த நிமிஷமும் எனக்கு அதைச் சொல்லப் பிடிக்கவில்லை.

2

இலங்கையில், உக்குவளையிலிருந்து என் தம்பி போனில் கேட்டான், பேஸ்போல் என்றால் என்ன என்று. எல்லே மாதிரிதான்டா என்று சொல்லிவிட்டேன். எல்லா வினையும் இந்தப் பதிலில்தான் தொடங்கியது. ஏனென்றால் என் மகளுக்கும் நான் இதே பதிலைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு எல்லேயைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சித்திரை வருடப் பிறப்புக்கு மாத்தளை மாவட்டத்தில் எல்லே நடக்காத மைதானம் கிடையாது. அடிக்க ஒரு பொல்லு, ஒரு டெனிஸ் பந்து, சுற்றி வர நின்று மூச்சு விட நாலு இடம். அடித்துவிட்டு ஓட வேண்டும், ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்தால் ஓட்டம். பேஸ்போலும் தூரத்திலிருந்து பார்த்தால் இதேதான். கிட்டப் போனால் இரண்டு விஷயம் தலைகீழ்.

ஒன்று, எல்லேயில் ஓடுகிறவனைப் பந்தால் எறிந்து அடித்தால் அவன் அவுட். முதுகிலோ காலிலோ பட்டால் போதும். பேஸ்போலில் மூலைக்கு மூலை பந்தை அனுப்பித்தான் ஆளை வெளியேற்ற வேண்டும். ஓடுகிறவன் மேல் எறிந்தால் அவன் அவுட்டும் இல்லை, எறிந்தவன் குற்றவாளி. அங்கே பந்து கல் மாதிரி இருக்கும்.

இரண்டு, எல்லேயில் அடிக்கிறவனுக்குப் பந்து போடுகிறவன் எதிரி இல்லை. அவனுடைய சொந்த அணிக்காரன். எனக்குப் பந்து போட்டவன் ரம்ஸான், உக்குவளைக் கடைத்தெருவில் அவன் வாப்பாவுக்குச் சாக்குக் கடை இருந்தது. எனக்கு எந்த உயரத்தில் வந்தால் பொல்லு நன்றாக விழும் என்று என்னைவிட அவனுக்குத்தான் தெரியும். நான் தூக்கி அடித்த பந்துகள் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் போய் விழுந்ததற்குப் பாதிக் காரணம் அவன். கைதட்டு எல்லாம் எனக்குத்தான் கிடைத்தது.

ஆனால் அடிப்பதைவிட எறிவதில்தான் எனக்குப் பெயர். இருபது கஜ தூரத்தில் ஓடுகிறவன் முதுகில் குறி தவறாமல் எறிவேன். அந்தோனியார் கோயில் இருக்கிற வஹகோட்டையிலிருந்து வந்த அணியில் ஒருத்தன் என் பந்துத் தழும்போடு கோயில் திருவிழாவுக்குப் போய், அதைச் சட்டையைத் தூக்கிக் காட்டி என்னைத் திட்டிக்கொண்டு திரிந்தான். எனக்கு அன்றைக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. அந்தோனியார் பேரை வைத்த பிள்ளை அந்தோனியார் கோயில் ஆட்களையே எறிகிறானே என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

தொற்றுநோய்க் காலத்தில் ஊரடங்கிக் கிடந்தபோது மகள் ஷெரினுக்கு எட்டு வயது. பள்ளிக்கூடம் இல்லை, போக்கிடம் இல்லை. பனி அள்ளுகிற சவலின் பிடியைக் கழற்றிப் பொல்லாக்கினேன். வீட்டுக்குப் பின்னால் துணி காயப் போடுகிற கம்பம் ஒன்று, கராஜ் சுவர் ஒன்று, மேப்பிள் மரம் ஒன்று, சமையலறைப் படி ஒன்று என்று நாலு நிறுத்தம் வைத்து எல்லே ஆடினோம். நான் ஓடும்போது “ஆளுக்கே எறி, ஆளுக்கே எறி” என்று நானே சொல்லிக் கொடுப்பேன். ஆறு மாதத்தில் என் முதுகில் குறி தவறாமல் எறிந்தாள். அப்பா அவுட் என்று குதிப்பாள். இந்த நாட்டில் வந்து நான் யாருக்காவது உருப்படியாகக் கற்றுக் கொடுத்தது அது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவள் பேஸ்போலில் சேர்ந்தாள். எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குப் பச்சைச் சட்டை. கோச்சாக இருக்க ஆள் கிடைக்கவில்லை. நான் இரண்டு சனிக்கிழமை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரு சான்றிதழ் வாங்கினேன். அப்படித்தான் நான் கோச் ஆனேன்.

மஞ்சள் சட்டைக்காரர்களின் கோச் பெயர் நிமல். சீகிரியாப் பக்கத்து ஆள், சிங்களவர், என்னைவிடப் பத்து வயது குறைவு. இந்தப் பரந்த நாட்டில், இந்த நாலு பஸ் ஊரில், எதிரணிக்குக் கோச்சாக எனக்கு என் மாவட்டத்துக்காரனே வந்து வாய்த்தான்.

3

போன வருடத்துக் கடைசி ஆட்டம். அது நடந்து ஒரு வருடம் தாண்டிவிட்டது.

கடைசிச் சுற்று. நாங்கள் ஆறு ஓட்டம், அவர்கள் ஐந்து. அவர்களுக்கு இரண்டு பேர் அவுட்டாகி, இன்னும் ஒரே ஒருவரை வெளியேற்றினால் கோப்பை எங்களுக்கு. அவர்களில் ஒரு பிள்ளை மூன்றாவது மூலையிலும், எமா என்கிற பிள்ளை இரண்டாவது மூலையிலும் நிற்கிறார்கள். ஷெரின் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் நிற்கிறாள். பந்து உருண்டு நேராக அவள் கைக்கே வந்தது. அடித்த பிள்ளை போய்ச் சேருமுன் அதை எடுத்து முதல் மூலைக்கு எறிந்தால் முடிந்தது. அவள் அதை நூறு தடவை செய்திருக்கிறாள், கண்ணை மூடிக்கொண்டு செய்வாள்.

அந்த நேரம் எமா அவளுக்கு முன்னால் ஓடினாள். முதுகைக் காட்டிக்கொண்டு, ஐந்து அடி தூரத்தில். நான் கோட்டுக்கு வெளியே நின்றேன். எனக்கு பேஸ்போல் மறந்துபோனது, சான்றிதழ் மறந்துபோனது, நான் நின்றது உக்குவளை மைதானம்.

“ஆளுக்கே எறி” என்று கத்தினேன்.

ஷெரின் எறிந்தாள். குறி தவறவில்லை. பந்து எமாவின் முதுகெலும்புக்குப் பக்கத்தில் பட்டு வேலிப் பக்கம் தெறித்து ஓடியது. எமா முகங்குப்புற விழுந்தாள். மூன்றாவது மூலையில் நின்ற பிள்ளை வந்து சேர்ந்து ஆறுக்கு ஆறு. விழுந்த எமாவும் எழுந்தாள். அழுதுகொண்டே ஓடி, மூன்றாவது மூலையையும் தாண்டி வந்து சேர்ந்தாள். ஏழு. மைதானம் முழுக்க ஒரு சத்தம் எழும்பியது. அதில் பாதி சந்தோஷம், மீதி என் மகளைப் பார்த்துப் போட்ட கூச்சல்.

நடுவர் அவளை வெளியே போகச் சொன்னார். பன்னிரண்டு வயதுப் பிள்ளை, தலைத் தொப்பியை முகத்தில் இறக்கிவிட்டுக்கொண்டு, எல்லோரும் பார்க்க நடந்து போனாள். நான் என்ன செய்தேன்? நடுவரோடு சண்டை பிடித்தேன். மஞ்சள் சட்டைக்காரர்கள் குறுக்கே ஓடினார்கள் என்றேன். அவர்கள் கோப்பையைத் தூக்கியபோது கைதட்டாமல் பைகளைக் காரில் ஏற்றினேன்.

காரில் வரும்போது ஷெரின் ஒரே ஒரு தடவை கேட்டாள். “அப்பா, நீங்க ஆளுக்கே எறின்னுதானே சொன்னீங்க?”

“இப்ப அதப் பேசாத” என்றேன்.

மீதி வழி முழுக்க அவள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள்.

4

இந்த நாட்டில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைப் பந்தால் எறிந்துவிட்டால் அதற்கும் ஒரு கொமிட்டி உண்டு. மூன்று பேர். ஆரம்பப் பள்ளிக்கூடத்து நூலகத்தில் வைத்து விசாரித்தார்கள். எங்களுக்கு உட்காரப் போட்டிருந்தது ஆறு வயதுப் பிள்ளைகளின் கதிரை. என் முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. எமாவுக்கு முதுகில் இரத்தம் கன்றிப்போய், இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை என்று வாசித்தார்கள். மைதானத்தில் இருந்த பெற்றோர் பலர் அது வேண்டுமென்றே எறிந்த எறி என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். வேண்டுமென்றேதான். ஐந்து அடி தூரத்தில் தவறுதலாகப் படுவதற்கு என் மகள் என்ன குருடா?

எனக்குக் கொடுத்த பத்திரத்தில் ஒரு கேள்வி. அந்த நேரத்தில் கோச் என்ன கட்டளை கொடுத்தார்? அந்த மைதானத்தில் தமிழ் தெரிந்த ஆட்கள் நானும் ஷெரினும் மட்டும்தான் என்று நினைத்தேன். ரீட்டாகூட அன்றைக்கு வேலையில் இருந்தாள். முதல் மூலைக்கு எறியச் சொன்னேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கோச்சாக இருக்கிற உரிமை போய்விடுமோ, பஸ் கொம்பனி வரைக்கும் கதை போய்விடுமோ என்று ஆயிரம் நியாயம் எனக்குள் தயாராக இருந்தது. பிள்ளை என்பதால் அவளை மன்னித்துவிடுவார்கள் என்றும் ஒரு கணக்கு.

தலைவராக இருந்த அம்மா ஷெரினிடம் கேட்டார், அப்பா என்ன சொன்னார் என்று. ஷெரின் என்னைப் பார்த்தாள். பிறகு நூலகத்தில் இருந்த மீன் தொட்டியைப் பார்த்தாள். தனக்கு நினைவில்லை, பிழை தன்னுடையது என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

தீர்ப்பு பிறகு கடிதத்தில் வந்தது, ஒரு வருடம் விளையாடத் தடை. அவளுக்கு. எனக்கு எதுவுமில்லை.

அன்று விசாரணை முடிந்து வெளியே வந்தபோது தாழ்வாரத்தில் நிமல் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு கடித உறை. என்னைக் கண்டதும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வேடிக்கை பார்க்க வந்தவன் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன். அந்த ஒரு வருடமும் என் கோபம் முழுவதும் அந்த ஆள் மேல்தான். அந்தப் பலகை மேல், அந்த மஞ்சள் மேல். கடையில் வாழைப்பழச் சீப்பு எடுக்கும்போதுகூட எனக்கு மைதானம்தான் ஞாபகம் வரும்.

ஷெரின் அதற்குப் பிறகு என்னிடம் ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினாள். ரீட்டாவோடு தமிழ், என்னோடு ஆங்கிலம். இங்கே பிறந்து வளர்கிற பிள்ளைகள் அப்படித்தான் மாறிப்போகும் என்று நண்பர்களிடம் நாட்டின் மேல் பழியைப் போட்டேன். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். நல்ல வசதியான பழி அது.

5

போன திங்கட்கிழமை, சாப்பாட்டு மேசையில், பாண் பைக்கு அடியில் ஒரு பத்திரம் இருந்தது. ஷெரினின் தடை முடிந்துவிட்டது. அவள் வேறு அணிக்கு மாற விரும்புகிறாள். பழைய கோச் விடுவிக்க வேண்டும், பெற்றோர் சம்மதிக்க வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டும். போகிற அணியின் பெயரைப் பார்த்தேன். மஞ்சள்.

“ரெண்டு கையெழுத்தும் நீங்கதான்” என்றாள் ஷெரின். பல மாதங்களுக்குப் பிறகு என்னோடு பேசிய தமிழ்.

நான் வெடித்தேன். எத்தனையோ சொன்னேன், எல்லாம் எழுதக்கூடியவை அல்ல. அந்த மஞ்சள் சட்டை இந்த வீட்டுக் கொடியில் தொங்கக் கூடாது என்று சொன்னது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. சனிக்கிழமைகளில் அவள் நூலகத்துக்குப் போவதாகச் சொன்னதெல்லாம் பொய், மஞ்சள் அணியின் பயிற்சிக்குப் போய்ப் பந்து பொறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள், கூட்டிக்கொண்டுபோய் விட்டது ரீட்டா என்பதும் அப்போதுதான் வெளியே வந்தது. எமாவும் இவளும் இப்போது சிநேகிதிகளாம். என் வீட்டில் நடக்கிறது எனக்கு மட்டும்தான் தெரியாது.

ஷெரின் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஃபைன் என்று ஒரே சொல் சொல்லிவிட்டு அறைக்குள் போனாள்.

மறுநாள் வேலைக்கு முன்னால் லீக் ஆபிஸுக்குப் போனேன். கையெழுத்துப் போட அல்ல, ஆட்சேபம் எழுதிக் கொடுக்க. தோற்ற அணியின் பிள்ளையை இழுத்துக்கொள்வது என்ன நியாயம் என்று ஒரு பக்கம் முழுக்கத் தயாராக எழுதி வைத்திருந்தேன். கவுண்டரில் இருந்த பெண் அமைதியாகச் சொன்னார், ஆட்சேபிப்பதென்றால் முதலில் பிள்ளையின் கோப்பைப் படித்துவிட்டு, படித்தேன் என்று ஒப்பமிட வேண்டும். அதுதான் விதி. பிரதி எடுத்துக் கையில் தந்தார்.

கடைசி நிறுத்தத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டுப் படித்தேன். என் பொய்யும் அதில் இருந்தது, என் கையெழுத்தோடு. அதற்குப் பின்னால் ஒரு கடிதம். நிமல் எழுதியது. விசாரணை நடந்த நாளே கொடுத்திருக்கிறார்.

எங்கள் நாட்டில் ஒரு விளையாட்டு இருக்கிறது, அதில் ஓடுகிறவரைப் பந்தால் எறிந்துதான் வெளியேற்றுவோம் என்று தொடங்கி விதிகளை எழுதியிருந்தார். இந்தப் பிள்ளை அதைத்தான் முதலில் படித்திருக்கும், பதற்றத்தில் கை முதலில் படித்ததைத்தான் செய்யும் என்று எழுதியிருந்தார். அடிபட்ட பிள்ளை என் அணிப் பிள்ளை, அவளுடைய தாய் தகப்பனிடம் இதை வாசித்துக் காட்டினேன், அவர்களுக்கும் சம்மதம். இந்தப் பிள்ளை இன்னொருவரை நோகடிக்க நினைத்தாள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள் என்று முடித்திருந்தார். அவ்வளவுதான். என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை.

கடிதத்தின் ஓரத்தில் யாரோ குறித்திருந்தார்கள். நிரந்தரத் தடை என்று முதலில் தீர்மானித்தது ஒரு வருடமாகக் குறைக்கப்பட்டது.

படித்து முடித்ததும் எனக்கு நன்றி வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. இவனை யார் கேட்டது? என் பிள்ளைக்காக எழுத இவன் யார்? அன்றைக்கு என் பஸ் நாலு நிமிஷம் தாமதமாகப் புறப்பட்டது.

6

அன்று மாலையே மைதானத்துக்குப் போனேன். வெயில் இன்னும் இருந்தது. மஞ்சள் சட்டைப் பிள்ளைகள் வரிசையாக நிற்க, நிமல் ஒவ்வொருவருக்காகப் பந்து போட்டுக்கொண்டிருந்தார். இதை நான் கடைசி ஆட்டத்தன்றும் காருக்குள் இருந்து பார்த்தேன். ஆட்டம் தொடங்க முன் கடைசிப் பிள்ளை வரைக்கும் தானே பந்து போடுவார். வேகமாக இல்லை. உயரமான பிள்ளைக்கு உயரமாக, குட்டைப் பிள்ளைக்கு இடுப்புக்கு. மட்டை எங்கே வரும் என்று பார்த்து அங்கே பந்தை வைப்பார். அந்தப் பிள்ளை பந்து மட்டையில் பட்ட சத்தம் கேட்டுச் சிரித்துக்கொண்டே போகும். இது பேஸ்போல் புத்தகத்தில் படித்தது இல்லை. சித்திரை மாதத்து மைதானத்தில் படித்தது. எனக்குத் தெரியாதா?

என்னைக் கண்டதும் வேறொருவரிடம் பந்தைக் கொடுத்துவிட்டு வந்தார். அந்தோனி அய்யே, அதாவது அண்ணா, சுகமா என்று சிங்களத்தில் விசாரித்தார். நான் சுகம் விசாரிக்க வரவில்லை. ஏன் அந்தக் கடிதத்தை எழுதினாய் என்று சிங்களத்திலேயே கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. நாலைந்து பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

நிமல் பிள்ளைகளைக் கையசைத்துப் பயிற்சிக்குத் திருப்பினார். பிறகு தமிழில் சொன்னார்.

“அய்யே, நீங்க கத்தினது எனக்கு வெளங்கிச்சு.”

தம்புள்ளை மாத்தளை பஸ்ஸில் ஆறு வருடம் கண்டக்டராக இருந்தாராம். பிறகுதான் சீகிரியாவில் த்ரீவீல் ஓட்டியிருக்கிறார். மாத்தளை பஸ்ஸில் கண்டக்டர் வேலை பார்த்தவனுக்குத் தமிழ் தெரியாமல் இருக்குமா? எனக்கு அது ஒரு வருடமாகத் தோன்றவில்லை. நின்ற இடத்தில் என் காது சூடாகியது.

மீதியைச் சிங்களத்தில் சொன்னார். இந்த நாட்டுக்கு வந்த முதல் வருடம் வேலைத்தள விளையாட்டில் அவரும் ஓடுகிற ஒருவர் மேல் எறிந்திருக்கிறார், அவர்கள் பொலிஸைக் கூப்பிடப் போனார்களாம். அப்படியானால் உண்மையை ஏன் கொமிட்டியிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். சொல்லியிருக்கலாமே, என் பொய்யை அன்றைக்கே உடைத்திருக்கலாமே. அது அவர் சொல்ல வேண்டியது இல்லை என்றார். இந்த ஒரு வருடத்தில் ஷெரினிடம் மூன்று தடவை கேட்டிருக்கிறார், அப்பா என்ன சொன்னார் என்று.

“மூணு தடவையும் ஞாபகம் இல்லன்னுதான் சொன்னா” என்றார், மறுபடி தமிழில். “அந்தப் பிள்ளைக்கு நல்ல ஞாபகம் இருக்கு, அய்யே.”

என் கையெழுத்து இல்லாமல் அவளை அணியில் சேர்க்க மாட்டேன், அது மரியாதை இல்லை என்றும் சொன்னார். பிறகு திரும்பிப் போய் அடுத்த பிள்ளைக்குப் பந்து போடத் தொடங்கினார்.

வெறுக்க வேண்டிய ஆள் நல்லவனாக இருப்பதைப் போல எரிச்சல் இந்த உலகத்தில் வேறொன்றும் இல்லை. அவன் கொஞ்சம் ஏளனமாகச் சிரித்திருந்தால்கூட எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ஒரு வருடமாகப் பலகையைத் திட்டினேன், பிள்ளைகளைத் திட்டினேன், நாட்டைத் திட்டினேன். திட்ட வேண்டிய ஆள் ஆறு தடவையும் டிரைவர் சீட்டில்தான் உட்கார்ந்திருந்தான்.

7

வெள்ளிக்கிழமை காலை மேசையில் உட்கார்ந்தேன். ரீட்டா தேத்தண்ணீர் வைத்துவிட்டு எதிரே இருந்தாள். ஷெரின் பள்ளிக்கூடப் பையோடு வாசலில் நின்றாள். இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பத்திரத்திலும் காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது. இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம். இந்த முறை தனிப்பட்ட காரணம் என்று எழுதவில்லை. கட்டம் போதாமல் பின்பக்கத்திலும் எழுதினேன். ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில்.

போன வருடம் ஓடுகிற பிள்ளை மேல் எறியச் சொன்னது நான். தமிழில் சொன்னேன். என் மகள் அப்பா சொன்னதைச் செய்தாள். பிறகு நான் உங்களிடம் பொய் சொன்னேன், அவள் எனக்காக வாயை மூடிக்கொண்டாள்.

ரீட்டா எடுத்து வாசித்தாள். இரண்டாம் தடவையும் வாசித்தாள். அவளுக்கு இது புதுச் செய்தி. என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப் போவதில்லை. பத்திரத்தை ஷெரினிடம் கொடுத்தாள்.

ஷெரின் நின்றபடியே படித்தாள்.

“மன்னிச்சிடும்மா” என்றேன்.

“ஒரு வருஷம் லேட்டுப்பா” என்றாள். தமிழில்தான் சொன்னாள். அழவில்லை. பத்திரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

கொமிட்டியிலிருந்து திங்கட்கிழமையே பதில் வந்தது. மூன்று வருடம் நான் எந்த அணிக்கும் கோச்சாக இருக்கக் கூடாது. ஆட்டம் பார்ப்பதென்றால் வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். எமாவின் வீட்டாருக்கு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும். ஷெரினின் கோப்பிலிருந்து அந்தக் குற்றத்தை நீக்கிவிட்டார்கள். அந்தக் கடைசி வரியை நான் பல தடவை வாசித்தேன். என் மேல் போட்ட தடைக்குக் கோபப்பட முயற்சி செய்தேன். வரவில்லை. பலகையைப் பார்க்கும்போது மட்டும் இன்னும் வருகிறது.

நேற்று வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஷெரின் சமையலறைப் படியில் வந்து நின்றாள். உடம்பில் மஞ்சள் சட்டை. கையில் மட்டையும், கீறல் விழுந்த ஒரு பந்தும்.

“நாளைக்கு ட்ரயல். யாராச்சும் பந்து போட்டாத் தேவல.”

“நிமல்கிட்ட கேக்க வேண்டியதுதானே” என்றேன். என் வாய் அப்படி.

அவள் நகரவில்லை. “நீங்க போடுங்க.”

“எப்படிப் போடணும்?”

“ரம்ஸான் மாமா உங்களுக்குப் போடுவாருல்ல” என்றாள். “அந்த மாதிரி.”

அந்தக் கதை அவளுக்கு எட்டு வயதில் நான் சொன்னது. சப்பாத்தை மறுபடி போட்டுக்கொண்டு பின்பக்கம் போனேன். துணிக் கம்பத்தில் ஒன்றும் காயவில்லை. அவள் மேப்பிள் மரத்துக்குப் பக்கத்தில் நின்று மட்டையைத் தூக்கினாள். அந்த மஞ்சளைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. இதை எழுதும்போதும் எரிகிறது. அவள் மட்டை எங்கே வரும் என்று பார்த்து, அங்கேயே பந்தைப் போட்டேன்.